குழம்பில் கரைத்த மாத்திரை

கேள்வி:

டாக்டரம்மா, வணக்கம். 2006-ல் தஞ்சாவூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தோம். இப்போது சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, பதினாலு வருஷமாகச் சர்க்கரை. அப்பா ஊரில் இன்சுலின் போட ஆரம்பித்த இரண்டே வருஷத்தில் கிட்னி போய், டயாலிசிஸில் இறந்தார். "ஊசிதான் அவரைக் கொன்றது" என்று அம்மா இன்றுவரை சொல்வார். அண்ணன் இப்போது ஒரு மூலிகைத் தூளுக்கு ஏஜென்ட். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்கிறார். டப்பாவில் "மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன் அம்மா அதைக் குடிக்க ஆரம்பித்து, மெட்ஃபார்மினையும் கிளிக்ளசைடு எம்.ஆர். மாத்திரையையும் அடியோடு நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றில் சர்க்கரை 17 (ஊர்க் கணக்கில் 300-க்கு மேல்) காட்டியது. பயந்துபோய் நான் மாத்திரைகளைப் பொடித்து அவருடைய குழம்பிலும் மோரிலும் கலக்கிறேன். இப்போது 8 (ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 145). அம்மாவுக்குத் தெரியாது. தூள்தான் குணமாக்கியது என்று கோயிலில் மீட்டரைக் காட்டுகிறார். அதைப் பார்த்து அங்கே வரும் இரண்டு அக்காமார் தங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கேட்டால், "அம்மா உடம்பு, அம்மா இஷ்டம், அரசியல் சட்டமே கொடுத்த சுதந்திரம்" என்கிறார் அண்ணன். தன் ஒன்பது வயது மகனின் ஆஸ்துமா பம்பையும் நிறுத்தப்போகிறாராம். நான் செய்வது தப்பா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

தப்புதான். ஆனால் அதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த எம்.ஆர். மாத்திரையை இனி ஒரு வேளைகூடப் பொடிக்காதீர்கள். நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைவதற்கென்றே செய்த மாத்திரை அது. பொடித்தால் ஒரு நாளைக்கான மருந்து சட்டென்று இறங்கிவிடும். புரட்டாசி வருகிறது. காலையில் ஒரு தம்ளர் மோரோடு மாலை வரை விரதம் இருப்பவர் உங்கள் அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மோரில் நீங்கள் கரைத்தது இருக்கிறது. மதியம் சர்க்கரை 4-க்குக் கீழே (ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 70) இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். கோயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் விரத மயக்கம் என்று விசிறிவிட்டுப் படுக்க வைப்பார்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் எழுந்துவிடக்கூடியவர்தான். ஆனால் அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அவருக்கே தெரியாதே, மற்றவர்களுக்கு எப்படித் தோன்றும்?

அதற்காகச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு 17-க்குத் திரும்ப விடவும் கூடாது. நிறுத்த வேண்டியது ஒளிவுமறைவைத்தான். இன்றைக்கே அம்மாவிடம் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று பின்னால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என்னை உலுக்கியது அந்த 17 இல்லை, 8. அந்த 8-ஐ யார் கொண்டுவந்தது என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அவர் மீட்டரைத் தூக்கிக் காட்டும்போது பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அந்த இரண்டு அக்காமாரும் முட்டாள்கள் இல்லை. தெரிந்த ஒரு பெண்ணின் கையில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். உங்கள் அண்ணனும் ஒருவேளை மனசார நம்பியிருக்கலாம், தூளுக்குச் சாட்சி சொல்லத் தன் தாயே இருக்கிறாரே! இந்த மொத்த நாடகத்திலும் முழு விவரம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியிலிருந்து அந்தத் தூளுக்கு இலவச விளம்பரம் போய்க்கொண்டிருக்கிறது.

கோபப்படாதீர்கள். வேறு யாரோ இதே வேலையைக் காசுக்காகச் செய்திருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2000-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சர்க்கரைக்கென்று விற்ற சில சீன மூலிகை மருந்துகளைச் சோதித்தபோது உள்ளே இங்கிலீஷ் மாத்திரையே கலந்திருந்தது. ஒன்று கிளிபென்கிளமைடு. இன்னொன்று ஃபென்ஃபார்மின், ரத்தத்தில் அமிலம் ஏறி ஆட்கள் இறந்ததால் 1970-களிலேயே அங்கே விலக்கப்பட்ட மருந்து. குடித்தவர்களுக்குச் சர்க்கரை இறங்கத்தான் செய்தது. மூலிகையால் இறங்கியது என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் டப்பாவில் செய்ததை நீங்கள் பாசத்தால் அடுப்படியில் செய்கிறீர்கள். நோக்கம் வேறு. ஏமாந்தவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

சரி, அண்ணனின் சட்டப் பேச்சுக்கு வருவோம். பாதி சரியாகத்தான் சொல்கிறார். நம் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒருவருடைய உடம்பு அவர் கையில் என்கிறது. 2003-ன் தேசிய சுகாதாரச் சட்டப்படி எந்த சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்ல உங்கள் அம்மாவுக்கு உரிமை உண்டு. நானே அவருடைய டாக்டராக இருந்தாலும், புத்தி தெளிவாக இருக்கும் ஒரு பெண்மணியின் வாயில் மாத்திரையைத் திணிக்க முடியாது. திணிக்கவும் மாட்டேன். ஆனால் அண்ணன் அந்தச் சட்டத்தை இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாம். நோய் என்ன, என்னென்ன வழி இருக்கிறது, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்ல வேண்டும், முடிந்தவரை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு வரும் "வேண்டாம்" அவருடையது. பொய்யைக் கேட்டு வரும் "வேண்டாம்" பொய் சொன்னவனுடையது. கடைக்காரன் தராசில் கட்டைவிரலை வைத்து நிறுத்துவிட்டு, "இஷ்டப்பட்டுத்தானே வாங்கினீர்கள்" என்றால் ஒத்துக்கொள்வோமா?

இந்த நாட்டில் இது வெறும் தத்துவம் இல்லை. நிறவெறிக் காலத்தில் இங்கே இடம் கிடைக்காமல் மெட்ராஸுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பியவள் நான். 2001-ல் இங்கே ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருந்தேன். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிரசவ வலியில் நெவிரபின் ஒரே ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு சொட்டுமருந்து. குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறையும். மருந்துக் கம்பெனி ஐந்து வருஷத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்றது. அரசாங்கமோ மாகாணத்துக்கு இரண்டு வீதம் 18 இடங்களில்தான் கொடுக்கலாம் என்றது. எங்கள் மருத்துவமனை அந்த 18-ல் இல்லை. ஒரு ராத்திரி பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, உமிலாசியில் இருப்பவள், என் கையைப் பிடித்துக்கொண்டு ஜூலு மொழியில் கேட்டாள்: "அந்த மாத்திரை இங்கே இருக்கிறதா?" இல்லை என்றேன். இங்கே சுதந்திரம் யாருக்கு இருந்தது? கேட்கிற அவளுக்கும் இல்லை, எழுதிக் கொடுக்க வேண்டிய எனக்கும் இல்லை.

அந்த நிலைமை ஒரு நாளில் வந்துவிடவில்லை. 2000 ஜூலையில் இதே டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது. எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தான் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்துப் போட்டுப் பிரகடனம் வெளியிட்டார்கள். அதிபர் தாபோ எம்பெக்கி அமைத்த ஆலோசனைக் குழுவிலோ அந்த வைரஸ் கதையையே நம்பாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுக் கருத்து, கேள்வி கேட்கும் சுதந்திரம், மேற்கத்திய மருந்துக் கம்பெனிகளின் சூழ்ச்சி என்று பேசினார்கள். உங்கள் அண்ணன் மண்டபத்தில் பேசுகிறாரே, ஏறக்குறைய அதே பேச்சு. சுகாதார அமைச்சர் மான்டோ ட்ஷபலாலா-ம்சிமாங் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று பட்டியல் போட்டார். (அவரும் டாக்டருக்குப் படித்தவர்தான். பட்டம் யாரையும் காப்பாற்றாது, என்னையும் சேர்த்துத்தான்.) மத்தியாஸ் ராத் என்ற ஜெர்மானியர் கேப் டவுன் பக்கம் கயேலிட்ஷாவில் விட்டமின் மாத்திரைகளை விநியோகித்து, எச்.ஐ.வி. மருந்துகள் விஷம் என்று விளம்பரம் செய்தார். 2002 ஜூலை 5-ல் அரசியல் சட்ட நீதிமன்றம், நெவிரபினை அந்த 18 இடங்களோடு நிறுத்தி வைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன், நோயாளிகளே முன்னின்று நடத்திய இயக்கம். ராத் செய்த சோதனைகள் சட்டவிரோதம் என்று 2008-ல் கேப் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: 2000-லிருந்து 2005 வரை மருந்து கொடுக்கத் தாமதித்ததில் போன உயிர்கள் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். தொற்றோடு பிறந்த குழந்தைகள் 35,000.

உமிலாசிப் பெண்ணின் குழந்தை அந்தக் கணக்கில் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவள் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதைப் படித்துவிட்டு, டாக்டரம்மா நம் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா நிறுத்திய மெட்ஃபார்மினே ஒரு செடியின் வழி வந்ததுதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை நீரிழிவுக்குக் கொடுத்து வந்தார்கள். அதிலிருந்த சத்தை ஆராய்ந்து, விஷத்தன்மையைக் குறைத்து, அளவு கண்டு வந்த மாத்திரை. சர்ப்பகந்தியின் வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் என்று பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் எழுதிய பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. சீனத்து மாசிபத்திரி வகைச் செடியிலிருந்து மலேரியாவுக்கு மருந்து எடுத்த டூ யோயோவுக்கு 2015-ல் நோபல் பரிசு. இவர்கள் எல்லாரும் எது வேலை செய்கிறது, எவ்வளவு கொடுத்தால், யாருக்கு, என்ன கெடுதல் என்று சோதனைக்கு நின்றார்கள். நின்றதால்தான் அது மருந்து ஆனது. என் ஆயாவும் வெந்தயம் ஊறவைத்துக் குடித்தவர்தான். "விஞ்ஞானம் நிரூபித்தது" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "எனக்குச் சரிப்படுது" என்பார், அவ்வளவுதான். அந்தப் பேச்சில் ஒரு நேர்மை இருந்தது. வார்விக் சந்தையில் பாலத்து மேலே வேர் விற்கும் ஜூலு அம்மாக்களும் பாட்டி சொன்னது என்றுதான் விற்கிறார்கள். சோதனைக்கு நிற்காமல் சோதனையின் மரியாதையை மட்டும் எடுத்து லேபிளில் ஒட்டிக்கொள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கடிதத்தோடு நீங்கள் தனியே எழுதி அனுப்பிய லேபிள் வாசகங்களைப் பார்த்தேன். "ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்", "குவாண்டம் ஆற்றல்" இரண்டும் ஒரே வரியில்! குவாண்டத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, விட்டுவிடுவோம். "ஜி.எம்.பி. சான்று" என்பது தயாரித்த இடத்துக்கும் முறைக்கும் உரியது. சர்க்கரை இறங்கும் என்பதற்கு அது சாட்சி இல்லை. நாப்பி எண் இருக்கிறது என்று அண்ணன் பெருமையாகக் காட்டினாராம். அது மெடிக்கல் எய்டுக்கு, அதாவது மருத்துவக் காப்பீட்டுக்குப் பில் போடும் எண், தங்கச்சி. கட்டுத்துணிக்கும் பஞ்சுக்கும்கூட அது உண்டு. இங்கே பதிவாகாத துணை மருந்து என்றால், இதன் தரத்தையும் பாதுகாப்பையும் பயனையும் மருந்துகளைக் கண்காணிக்கும் சாப்ரா ஆணையம் மதிப்பிடவில்லை என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பாருங்கள். "மருத்துவ ஆய்வு" என்றால் அண்ணனிடம் மூன்றே கேள்வி: எலியிலா மனிதரிலா, எத்தனை பேர், தூள் குடிக்காத ஆட்களோடு ஒப்பிட்டார்களா? சண்டையாக வேண்டாம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

தூளின் நிறம் சாம்பல் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறீர்கள். அது பற்பம், அதாவது உலோகத்தைப் புடம்போட்டு எடுத்த சாம்பல், சேர்ந்ததாக இருக்கலாம். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று. அம்மாவுக்கு வயிற்று வலி, மலச்சிக்கல் புதிதாக வந்திருந்தால் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அம்மா. அவர் தூளை நம்பியது லேபிளைப் படித்தல்ல. ஊசிக்குப் பயந்து. அப்பாவின் கிட்னி இன்சுலினால் கெடவில்லை. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ஓடிய சர்க்கரையால் கெட்டது. மாத்திரை கேட்காத நிலைக்கு வந்த பிறகுதான் இன்சுலினுக்குப் போயிருப்பார்கள். கடைசியில் வந்தவர் மேல்தான் பழி விழும். இதை யாராவது அம்மாவுக்குத் தமிழில் உட்கார்ந்து சொன்னார்களா? கிளினிக்கில் ஐந்து நிமிஷம், இங்கிலீஷும் ஜூலுவும் கலந்து, "சுகர் ஹை, மா, நோ ஸ்வீட்ஸ்" என்பதோடு முடிந்திருக்கும். உங்கள் அண்ணன் அவர் மொழியில் ஒரு மணி நேரம் பேசினார், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. நாங்கள் தோற்றது அங்கேதான்.

நானும் தோற்றிருக்கிறேன். புதிதாக வந்த காலத்தில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு தாத்தா பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்றார். எல்லார் முன்னாலும் கத்தினேன். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் "ஆமாம் டாக்டர்" என்றே சொன்னார். எட்டு மாதம் கழித்துக் கால் கட்டைவிரல் கறுத்துப்போய் வந்தார். சாறும் குடித்திருக்கிறார், மாத்திரையும் நிறுத்தியிருக்கிறார், என்னிடம் சொல்லப் பயந்து. அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே உபதேசம் செய்யாதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள். அண்ணன் இல்லாத நேரமாக, சாப்பாடு முடிந்த பிறகு, மாத்திரைப் பட்டையையும் பொடித்த உலக்கையையும் அம்மா முன்னால் வைத்து, "அம்மா, இத்தனை நாளா நான் உங்களுக்குத் தெரியாம இதைக் கலந்தேன். பயத்துல செஞ்சேன். தப்பு" என்று சொல்லுங்கள். திட்டுவார். அழுவார். இரண்டு நாள் உங்கள் கையால் சாப்பிட மாட்டார். சாப்பிடாத ஒரு பெண் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது, அதையும் ஞாபகம் வையுங்கள். பிறகு கேளுங்கள், அவருக்கு எதில் பயம் என்று. பதில் வரும்வரை பேசாமல் இருங்கள், இதுதான் கஷ்டம்.

அவர் சம்மதித்தால், மாத்திரையைத் திரும்பத் தொடங்கும் முன் கிட்னி எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆனால் கிட்னி மிகவும் தளர்ந்திருந்தால் அந்த மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். கூடவே எச்.பி.ஏ.1.சி. பாருங்கள், அது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லும். மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்று எல்லாம் தெரிந்தபின் அம்மா சொன்னால், அது அவர் முடிவு. அப்போதும் மீட்டர் இருக்கட்டும், கூட நீங்கள் இருங்கள். அதிகத் தாகம், வாந்தி, மூச்சு வாங்குதல், நினைவு தடுமாற்றம் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, இதற்கு மட்டும் முன்கூட்டியே வாக்கு வாங்கிவிடுங்கள்.

அண்ணன் மகன் விஷயத்தில் நான் இவ்வளவு பொறுமையாக இல்லை. அவனுக்கு ஒன்பது வயது. அம்மாவின் உடம்பு அம்மாவுடையது, அந்தப் பையனின் மூச்சு அவன் அப்பாவுடையது அல்ல. 2005-ன் குழந்தைகள் சட்டம் 129-ஆம் பிரிவில் தெளிவாகவே இருக்கிறது: மதத்தையோ வேறு நம்பிக்கையையோ மட்டும் காரணம் காட்டிப் பெற்றோர் சிகிச்சையை மறுக்க முடியாது, மருத்துவ உலகம் ஏற்ற மாற்று வழி ஒன்றைக் காட்டினாலொழிய. மண்டபத்துத் தூள் அந்தக் கணக்கில் வராது. தினமும் இழுக்கும் தடுப்பு பம்ப்பை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது, சில வாரம் நன்றாகவே ஓடுவான். பிறகு குளிர் விழுந்த ஒரு ராத்திரி, அவசரத்துக்கு இழுக்கும் நீலப் பம்ப்பும் கேட்காது. அண்ணியிடம் இன்றே பேசுங்கள். அண்ணன் கேட்கவில்லை என்றால் பையனின் டாக்டரிடம் நீங்களே சொல்லலாம். காட்டிக்கொடுத்தாள் என்று பெயர் வரும். வரட்டும்.

அந்த இரண்டு அக்காமாரிடம் விஷயத்தை உங்கள் அம்மாதான் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் அண்ணன்-தங்கை சண்டை என்று தள்ளிவிடுவார்கள். அம்மா வாய் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் போலிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். இன்னொன்று, பரிசோதனைக்குப் போகும்போது தூள் டப்பாவையும் எடுத்துப் போங்கள். கோபத்தில் மூடியைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். பேட்ச் எண் மூடியில் இருக்கலாம்.